அத்தான் கேட்ட கேள்விகள்

எங்கள் அத்தான் நல்லவர். இந்த ஒரு வாக்கியத்தைக் கேட்டுக் கேட்டே என் அக்காவுக்குப் பாதி முடி கொட்டிவிட்டது. குடிக்க மாட்டார், கத்த மாட்டார், சாப்பாட்டில் உப்பே இல்லாவிட்டாலும் தட்டை வழித்துவிட்டு எழுந்துபோவார். இப்படிப்பட்ட ஆளைப் பற்றிப் புகார் சொன்னால் எங்கே எடுபடும்? அக்கா வாயைத் திறந்தாலே போதும், "உனக்கென்னம்மா குறைச்சல்?" என்று நாலு பேர் நாலு பக்கமிருந்தும் வந்துவிடுவார்கள். எனக்கும் அப்படித்தான் தோன்றும், எத்தனையோ முறை சொல்லியும் இருக்கிறேன்.

அத்தானுக்கு லிஃப்ட் மெக்கானிக் வேலை. லிஃப்ட் நடுவழியில் நின்றுபோனால், உள்ளே மாட்டிக்கொண்டவர்களுக்கு முதலில் குரல் கொடுக்க வேண்டும், பயப்படாதீர்கள் என்று சொல்ல வேண்டும், யாருக்காவது உடம்புக்கு முடியவில்லையா என்று கேட்க வேண்டும். இது அவர் கம்பெனியின் விதி. அத்தான் கேட்க மாட்டார். பேசுகிற நேரத்தில் கதவையே திறந்துவிடலாமே என்பது அவர் கட்சி. உள்ளே இருப்பவர் "யாராவது இருக்கீங்களா?" என்று தொண்டை வறளக் கத்திக்கொண்டிருப்பார். வெளியே இவர் டார்ச்சைப் பல்லில் கடித்துக்கொண்டு கம்மென்று வேலை பார்ப்பார். திடீரென்று கதவு திறக்கும். எதிரே மீசையும் டார்ச்சுமாக ஓர் உருவம். லிஃப்டில் மாட்டியிருந்த நேரமெல்லாம் தைரியமாக இருந்த ஓர் அம்மாள், இவரைப் பார்த்ததும் மயங்கி விழுந்துவிட்டாராம். கம்பெனியில் மெமோ கொடுத்தார்கள். வாங்கி நாலாக மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த கட்டடத்துக்குப் போய்விட்டார்.

வீட்டிலும் அதே லட்சணம்தான். அக்காவின் ஸ்கூட்டரில் பிரேக் சரியில்லை என்று அவருக்குத் தோன்றியது. ஒருநாள் காலையில் அவள் கிளம்பி வெளியே வந்தால் ஸ்கூட்டரைக் காணோம், அந்த இடத்தில் வேறொரு புது வண்டி நிற்கிறது. சமையலறை அலமாரியை அவள் கைக்கு எட்டாத உயரத்தில் மாட்டினார், எறும்பு ஏறாதாம். எல்லாம் நல்லதுக்குத்தான். எதையும் ஒரு வார்த்தை கேட்டதில்லை. "நான் பெட்டியைத் தூக்கிட்டு வாசலைத் தாண்டினாக்கூட, ஏன் போறேன்னு கேக்க மாட்டாருடீ. பெட்டிச் சக்கரம் சத்தம் போடுதேன்னு எண்ணெய் விட்டுக் குடுப்பாரு" என்று அக்கா ஒருமுறை சொன்னாள். நான் விழுந்து விழுந்து சிரித்தேன். அவள் சிரிக்கவில்லை.

அக்காவின் தொழில் காகிதத்தில். துணியை வெட்டும் முன் கை, கழுத்து, முதுகு என்று ஒவ்வொன்றுக்கும் அளவுப்படம் வேண்டுமல்லவா, அதைக் கம்ப்யூட்டரில் வரைந்து, பக்கம் பக்கமாகப் பிரின்ட் எடுத்து, ஒட்டித் தையல் கடைகளுக்குக் கொடுப்பாள். ஒரு நூல் பிசகினாலும் அக்குளில் பிடிக்கும். அந்த வேலையில் அவள் கெட்டிக்காரி. பின்னறையில் அவளும் கம்ப்யூட்டரும் இருந்தால் பசி தெரியாது.

அந்தக் கம்ப்யூட்டரில்தான் அத்தான் கை வைத்தார். அக்கா ஓர் உறவுக்காரக் கல்யாணத்துக்குப் போய்விட்டுத் திரும்பி வந்து கம்ப்யூட்டரைப் போட்டால், திரையில் ஒரு பென்குயின் உட்கார்ந்திருக்கிறது. பழைய சிஸ்டம் ஆமை வேகத்தில் ஓடுகிறது, வைரஸ் வேறு என்று அத்தான் அதைத் துடைத்துவிட்டு, பென்குயினை அடையாளமாகக் கொண்ட லினக்ஸ் என்ற வேறொரு சிஸ்டம் போட்டிருந்தார். லிஃப்ட் கன்ட்ரோல் பெட்டிகளோடு மல்லுக்கட்டிக் கட்டி அவரே கற்றுக்கொண்ட வித்தை அது. படங்களெல்லாம் பத்திரமாகத்தான் இருந்தன. ஆனால் அவள் கைக்குப் பழகிப்போன வரைகிற புரோகிராம் அதில் ஓடவில்லை. அவர் வேறொன்றைத் தேடிப் பிடித்துப் போட்டுக் கொடுத்தார். பழையதைவிட அது மேல் என்று அக்காவே பிற்பாடு என்னிடம் ஒத்துக்கொண்டாள். ஆனாலும் அன்றைக்கு நிறுத்திய பேச்சு நிறுத்தியதுதான்.

நிறுத்தினாள் என்றால் வீட்டு வேலை எதுவும் நிற்கவில்லை. எல்லாம் ஆள் மூலமாக நடந்தது. நான் போனால் நான். "உங்க அத்தான்கிட்ட சொல்லு, கேஸ் தீரப்போகுதுன்னு." அவர் இரண்டடி தள்ளித்தான் உட்கார்ந்திருப்பார். "புக் பண்ணியாச்சுன்னு உங்க அக்காகிட்ட சொல்லு." நான் இல்லாவிட்டால் பால்காரர், பக்கத்து வீட்டுக்காரம்மா. யாருமே அகப்படாத வேளையில் சுவர். சுவரைப் பார்த்து, "சாப்பாடு எடுத்து வெச்சிருக்கு" என்பாள். அவரும் அதே சுவருக்கு, "சரி" என்பார். மாதக்கணக்கில் இந்தக் கூத்து.

அப்புறம் ஒருநாள் அக்கா என்னிடம் மட்டும் சொன்னாள். ஊரின் மறுகோடியில் ஓர் அறை பார்த்திருக்கிறாள். தொழிலுக்கும் அதுதான், இருக்கவும் அதுதான். சண்டை இல்லை, வக்கீல் இல்லை, பேசாமல் போய்விடப் போகிறாள். அத்தானுக்கு எப்போது சொல்லப் போகிறாய் என்று கேட்டேன். "அவரு எதைச் சொல்லிட்டுப் பண்ணாரு?" என்றாள். இத்தனை நாள் இதைப் புருஷன் பெண்டாட்டி ஊடல் என்று வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தோமே என்று இருந்தது.

அடுத்து வந்த ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் போனில் கூப்பிட்டாள். போனேன். அறையின் சொந்தக்காரர் வாடகை ஒப்பந்தத்தை அனுப்பியிருக்கிறார். அதைப் பிரின்ட் எடுத்துக் கையெழுத்துப் போட்டு, சாயங்காலம் அவர் வெளியூர் கிளம்பும் முன் கொண்டுபோய்க் கொடுக்க வேண்டும். தவறினால், காத்துக்கொண்டிருக்கிற இன்னொருவருக்கு அறை போய்விடும். வீட்டுப் பிரின்டரோ மூச்சு விட மாட்டேன் என்கிறது. ஞாயிற்றுக்கிழமையில் திறந்திருக்கும் ஒரே ஜெராக்ஸ் கடை அத்தானின் சிநேகிதருடையது. அங்கே போவதும் தெருமுனையில் தண்டோரா போடுவதும் ஒன்றுதான்.

"நீ கொஞ்சம் பாருடீ" என்றாள். எனக்கு என்ன தெரியும்? அவள் அமுக்கியதையே நானும் அமுக்கினேன். வரவில்லை. மறுபடி அமுக்கினேன். ஸ்டார்ட் ஆகாத வண்டியை உதைக்கிற மாதிரி ஆளுக்கு ஆள் மாற்றி மாற்றி அமுக்கினோம். பிரின்டர் இருப்பது ஹாலில், அத்தான் நாற்காலிக்குப் பக்கத்தில். அங்கேதான் பிளக் வாகாக இருக்கிறது என்று அவர் வைத்த இடம். நான் இரண்டு தரம் வந்து அதை எட்டிப் பார்த்துவிட்டுப் போனதும், அத்தான் செய்தித்தாளை மடித்து வைத்தார். எழுந்து பின்னறைப் பக்கம் நடந்தார்.

அக்கா அறை வாசலை மறித்துக்கொண்டு நின்றாள். "என் மெஷின்ல யாரும் கை வைக்கக் கூடாதுன்னு சொல்லு."

"அக்கா..."

"சொல்லுடீ."

"உங்க கை படக் கூடாதாம் அத்தான்."

அத்தான் நின்றார். கதவைத் திறக்காமல் லிஃப்ட் ரிப்பேர் பண்ணு என்றால் மனுஷன் எப்படி முழிப்பார், அப்படி முழித்தார். அப்புறம் திரும்பிப் போய் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டார். போச்சு, இனி நானே எங்காவது அலைய வேண்டியதுதான் என்று நினைத்தபோது, ஹாலிலிருந்து குரல் வந்தது.

"அமுக்கினதும் திரையில என்ன வருதுன்னு கேளு."

நான் நடைவழியில் நின்றுகொண்டேன். இந்தப் பக்கம் தலையைத் திருப்பினால் அக்கா, அந்தப் பக்கம் திருப்பினால் அத்தான். இருவருக்கும் காதில் ஒரு கோளாறும் இல்லை, ஒருவர் இருமினால் மற்றவருக்குக் கேட்கும். ஆனாலும் முறை முறைதானே. "என்ன வருதுன்னு கேக்கறாரு."

"அனுப்பியாச்சுன்னு வருது. கொஞ்ச நேரம் கழிச்சு, பிரின்டர் பதில் சொல்லலைன்னு வருது. சொல்லு."

சொன்னேன். அத்தான் பிரின்டரின் மூடியைத் திறந்து அன்றைய செய்தித்தாளின் ஒரு மூலையை வைத்துக் காப்பி எடுத்துப் பார்த்தார். பளிச்சென்று வந்தது. "மெஷின் நல்லாத்தான் இருக்கு. வழியிலதான் கோளாறு" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். "கடைசியா எப்ப ஒழுங்கா பிரின்ட் வந்துச்சுன்னு கேளு."

"போன வெள்ளிக்கிழமை ஒரு ஜாக்கெட் பேட்டர்ன் எடுத்தேன். நல்லா வந்துச்சு."

"அதுக்கப்புறம் அவ ஏதாவது மாத்தினாளா?"

"நான் எதையும் மாத்தலைன்னு சொல்லு. மாத்தறது என் பழக்கம் இல்லைன்னும் சொல்லு."

பின்பாதியை நான் முழுங்கிவிட்டேன். முழுங்கி என்ன பிரயோஜனம், அவருக்குத்தான் நேராகவே கேட்டிருக்குமே. ஆனால் அவர் கோபித்துக்கொள்ளவில்லை. யோசித்துக்கொண்டு, அடுத்த கேள்வி கேட்டார். பதில் வரும்வரை காத்திருந்தார். பதில் வந்ததும் அதைக் கொஞ்ச நேரம் வைத்துப் பார்த்துவிட்டு இன்னொன்று கேட்டார். இந்த மனுஷன் என் அக்காவிடம் ஒரே மூச்சில் இத்தனை கேள்வி கேட்டு நான் பார்த்ததே இல்லை. பொண்ணு பார்க்க வந்தபோதுகூட அவர் எதுவும் கேட்கவில்லை, ஜன்னல் கொக்கி ஆடுவதையே பார்த்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒரு கட்டளையை அடிக்கச் சொன்னார். கறுப்புத் திரை ஒன்றைத் திறந்து, எழுத்து எழுத்தாக. எல், பி, எஸ் என்று அவர் சொல்ல, நான் ஒப்பிக்க, அக்கா தட்டினாள். "அதுக்கப்புறம் ஒரு இடம் விடணும். ஒரு சின்னக் கோடு. கோட்டை ஒட்டி வி. அவளுக்குப் புரியற வேகத்துல சொல்றேனான்னு கேளு."

அக்காவின் கை கீபோர்டில் அப்படியே நின்றது. "என்ன கேட்டாரு?"

"வேகம் சரியா இருக்கான்னு கேக்கறாரு."

"சரியா இருக்குன்னு சொல்லு" என்றாள்.

திரையில் ஒரு வரி வந்தது. அதில் பிரின்டரின் முகவரி. வீட்டுக்குக் கதவிலக்கம் இருப்பதைப்போல் பிரின்டருக்கும் ஓர் எண் உண்டாம், அந்த எண் உள்ள வாசலில்தான் கம்ப்யூட்டர் போய்த் தட்டுமாம். அக்கா எண்ணைப் படித்தாள், நான் கொண்டுவந்து கொடுத்தேன். அத்தான் பிரின்டரின் தம்மாத்துண்டு திரையில் அதையும் இதையும் அமுக்கி, அது தனக்கென்று வைத்திருக்கிற எண்ணைப் பார்த்தார். கடைசி இலக்கம் வேறாக இருந்தது.

மனுஷன் பிரின்டரைப் பார்த்தார், அப்படியே தலையை உயர்த்திச் சுவரைப் பார்த்தார். சுவரில் புதிதாக ஒரு வெள்ளைப் பெட்டி. போன சனிக்கிழமை பழைய வைஃபை ரௌட்டர் சரியில்லை என்று கழற்றிவிட்டு அவரே மாட்டியது. யாரிடமும் சொல்லவில்லை. புதுப் பெட்டி வந்து பிரின்டருக்குப் புது எண் கொடுத்துவிட்டது. அக்காவின் கம்ப்யூட்டர் பாவம், காலி பண்ணிப்போன வீட்டு வாசலில் நின்று தட்டிக்கொண்டே இருந்திருக்கிறது.

"என்னாச்சாம்?" என்றாள் அக்கா.

அத்தான் மீசையைத் தடவினார். நான் சொல்லலாமா என்று அவர் முகத்தைப் பார்த்தேன். அவர் என்னைப் பார்க்கவில்லை. குரலைக் கொஞ்சம் உயர்த்தி, நேராகப் பின்னறைக்கே சொன்னார். "ரௌட்டரை நான்தான் மாத்தினேன். உன்கிட்ட சொல்லல. அதனாலதான்."

பின்னறையிலிருந்து, "இப்ப என்ன பண்ணணும்னு கேளு" என்று வந்தது. இன்னும் நான் தேவைப்பட்டேன்.

புது எண்ணைப் போட வேண்டும். போடப் போனால், இந்த மாதிரி மாற்றங்களுக்கென்று கம்ப்யூட்டர் தனியாக ஒரு பாஸ்வேர்டு கேட்டது. அது அத்தானுக்கு மட்டும்தான் தெரியும். சொந்தக் கம்ப்யூட்டரின் சாவி அவளிடம் இல்லை என்பதே அக்காவுக்கு அப்போதுதான் தெரிந்தது. அவள் திரும்பி என்னைப் பார்த்த பார்வையில் நான் எரிந்து போயிருக்க வேண்டும். சினிமாவாக இருந்தால் அந்தப் பாஸ்வேர்டு அக்காவின் பெயராக இருந்திருக்கும், பின்னணியில் வயலின் வாசித்திருப்பார்கள். அத்தான் சொன்னது ஒரு லிஃப்ட் மோட்டாரின் மாடல் நம்பர். ஆனால் சொல்லிவிட்டு, "இந்த வேலை முடிஞ்சதும் மாத்திடு. என்கிட்ட சொல்ல வேண்டாம்" என்றார்.

அக்கா எண்ணை மாற்றினாள். "நின்னுபோன வரிசையை மறுபடி ஓட விடணும், அதுக்கு ஒரு பொத்தான் இருக்கும்" என்றார். அதையும் அமுக்கினாள். அப்போதுதான் எனக்கு உறைத்தது. பிரின்டர் இருப்பது ஹாலில். அவர் முழங்கையை ஒட்டி.

ஓடினேன். நான் போவதற்குள் முதல் பக்கம் வந்து விழுந்துவிட்டது. மேலே கொட்டை எழுத்தில் வாடகை ஒப்பந்தம். கீழே குடியிருப்பவர் என்ற இடத்தில் அக்காவின் பெயர், அவள் பெயர் மட்டும். அத்தான் அதை எடுத்து, எப்போதும்போல மேலிருந்து கீழாக, ஒரு வரி விடாமல் படித்தார். இரண்டாவது பக்கம் வந்தது, மூன்றாவது வந்தது. அதோடு நிற்கவில்லை. மறுபடியும் முதல் பக்கம், வாடகை ஒப்பந்தம், அக்காவின் பெயர். நாங்கள் இரண்டு பேரும் மாற்றி மாற்றி அமுக்கியதெல்லாம் வரிசையில் காத்துக்கொண்டிருந்திருக்கிறது. வழி திறந்ததும் ஒன்றுவிடாமல் வர ஆரம்பித்துவிட்டது. அவள் போகிறாள் என்பதை அந்தச் சனியன் பிடித்த மெஷின் அவருக்குத் திரும்பத் திரும்பச் சொல்லிக்கொண்டிருந்தது. அந்த நேரத்தில் அவர் முகத்தைப் பார்க்க எனக்குச் சகிக்கவில்லை. கத்தியிருந்தால்கூடத் தேவலை.

அக்கா ஹால் வாசல்வரை வந்துவிட்டாள். தாள்களைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள். அசையாமல் நின்றாள்.

அத்தான் கை பிரின்டரின் சிவப்புப் பொத்தானுக்குப் போனது. அமுக்கினால் நின்றுவிடும். அமுக்குவார் என்றுதான் நினைத்தேன். இத்தனை வருஷமும் அமுக்கித்தானே பழக்கம். விரல் பொத்தானின் மேலேயே நின்றது. தலையைத் திருப்பி, என்னைத் தாண்டி அக்காவைப் பார்த்தார்.

"நிறுத்தட்டுமா?" என்று கேட்டார்.

நான் பழக்கதோஷத்தில் வாயைத் திறந்து, மூடிக்கொண்டேன்.

இன்னொரு பக்கம் வந்து விழுந்தது. அவர் பொத்தானை அமுக்கவும் இல்லை, கையை எடுக்கவும் இல்லை. அடுத்ததும் விழுந்தது. சாயங்காலம்வரை விழுந்தாலும் அவள் சொல்லும்வரை அந்த மனுஷன் அப்படியேதான் உட்கார்ந்திருப்பார் என்று தோன்றியது.

"ஒரு செட் போதும்" என்றாள் அக்கா. "நிறுத்துங்க."

அமுக்கினார். அவர் தரையில் சரிந்திருந்தவற்றையும் பொறுக்கி, ஒரு முழுப் பிரதியை மட்டும் பக்க வரிசையில் சேர்த்து, மேஜை மேல் தட்டி ஓரம் சமமாக்கி, அவளிடமே நீட்டினார். அவள் வந்து வாங்கிக்கொண்டாள்.

"எப்போ?"

"ஒண்ணாம் தேதி."

"அங்க மேஜை கிடக்கா? தாள் வெட்ட, ஒட்ட?"

"இல்ல. வெறும் ரூம்தான்."

அவ்வளவுதான், கதை முடிந்தது என்று நினைத்தேன். இனி டேப்பை எடுத்துக்கொண்டு கிளம்பிவிடுவார், ஒண்ணாம் தேதி அக்கா போய்க் கதவைத் திறந்தால் உள்ளே ஒரு மேஜை நிற்கும், அதற்கும் அவள் நன்றியோடு இருந்தாக வேண்டும். அவரும் பாதி எழுந்துவிட்டார். என்ன தோன்றியதோ, மறுபடி உட்கார்ந்தார்.

"வேணுமா?" என்றார்.

அக்கா அழுதுவிட்டாள். எத்தனையோ சண்டைக்கு அழாதவள், ஒப்பந்தத்தை மார்போடு பிடித்துக்கொண்டு நின்ற இடத்திலேயே அழுதாள். தாள் நனைந்துவிடப் போகிறதே என்று நான் அதை வாங்கிக்கொண்டேன். எனக்கும் அழுகைதான், மறைப்பானேன்.

முகத்தைத் துடைத்துக்கொண்டு, "வேணும்" என்றாள். கொஞ்சம் பொறுத்து, "ஆனா நான் சொல்ற உயரத்துல" என்றாள்.

"சொல்லு" என்றார் அத்தான். சட்டைப் பையிலிருந்த பென்சிலைக்கூட எடுக்கவில்லை. அவள் முகத்தைப் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.